சதுர மீட்டருக்கு ஒன்று ஐம்பது

மார்ச் மாதம். வானத்தில் ஒரு துளி இல்லை.
ராஜாஜி சாலைப் பக்கத்து ஜன்னல் வழியே வெயில்
கோப்பின் மேல் ஏறி உட்காருகிறது.
வடிகால் கட்டணம் நிர்ணயிக்க இதுதான் காலம்:
மழையை யாரும் நம்பாத மாதம்.

வருடச் செலவு அறுபத்து மூன்று லட்சம்.
தூர் எடுக்க, சல்லடை மாற்ற,
கடல்வாய் மடைக் கதவுகளுக்கு கிரீஸ் தடவ,
பம்புக்கு டீசல், பம்ப் ஓட்டுபவருக்கு இரவுப்படி.
வகுக்க, முப்பத்தாறு லட்சம் சதுர மீட்டர்.
'நீர் இறங்காத் தரை' என்று எங்கள் பாஷை.
கான்கிரீட், தார், தகரக் கூரை;
விழுந்த மழையை எனக்கென்ன என்று
அடுத்தவன் வாசலுக்குத் தள்ளிவிடும் எல்லாமும்.
ஒன்று எழுபத்தைந்து வருகிறது.
போன வருடம் ஒன்று நாற்பது.

இதைச் சொல்லத்தான் கூட்டம்.
போண்டா வந்தது. கெட்டிச் சட்னி.
கன்டெய்னர் யார்டு லோகிதாசன் எழுந்தார்:
"மழைக்கு நான் ஆர்டர் கொடுக்கலையே மேடம்.
தானா வந்து இறங்கின சரக்குக்கு
டெமரேஜ் என் தலையிலயா?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் 'ஆட்சேபம் 1' என்று எழுதினேன்.

கிரானைட் கிடங்கு ஃபக்ருதீன் சிரிக்கவில்லை.
வரைபடத்தை விரித்தார்.
"இந்த மூலையில ஒரு பூவரசு.
சுத்தி வெறும் மண்ணு, பதினோரு சதுர மீட்டர்.
அங்க விழுற தண்ணி எங்கயும் போறதில்ல.
கழிச்சிடுங்க."
பத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து பைசா.
அதற்கு மூன்று கையெழுத்து, ஒரு சர்வேயர், ஒரு ஜீப்.
கழித்தேன்.
இந்தத் துறைமுகத்தில் அந்த ஒரு மரம்தான்
தன் கட்டணத்தைக் குடித்தே தீர்க்கிறது.

கடைசி நாற்காலியில் பம்ப் ஆபரேட்டர் செங்கேணி.
டீசல் கணக்குக்கு மட்டும் அழைத்திருந்தோம்.
லிட்டரைச் சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார்.
"ஏழாம் மடைக்கு வர்றதுல முக்கால்வாசி
நம்ம ரோட்டுத் தண்ணிம்மா.
இந்த ஆபீஸ் மாடித் தண்ணியுந்தான்.
டிசம்பர்ல ராத்திரி பூரா நின்னு பாத்தேன்.
ஓதம் ஏறுச்சுன்னா கதவை இறக்கிடணும்.
அப்புறம் உள்ள இருக்கிறது உள்ளயேதான்.
யாரு தண்ணி யாருதுன்னு அதுக்குத் தெரியாது."

மின்விசிறி மட்டும் பேசியது.
பட்டியலைப் புரட்டினேன்.
முப்பத்தாறு லட்சமும் குத்தகைக்காரர்கள்.
எங்கள் சாலைகள் இல்லை, தளமேடைகள் இல்லை,
தலைக்கு மேலிருக்கும் இந்தக் கூரை இல்லை.
யார் விட்டது?
யாரும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும்
போன வருடத்தைப் பார்த்து எழுதியது.
கடைசி ஒன்பது வருடம் என் கையெழுத்து.

ஆறு லட்சம். சேர்த்தேன்.
நாற்பத்திரண்டால் வகுத்தால்
ஒன்று ஐம்பது.

துணைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"நம்ம பணத்தை நாமே கட்டிக்கிறதா?
இந்த பாக்கெட்லேர்ந்து அந்த பாக்கெட்டுக்கு?"
"ஆமாம் சார். இத்தனை நாளா
அவங்க பாக்கெட்லேர்ந்து."
சொன்ன பிறகுதான், சொன்னது நான் என்று தெரிந்தது.

லோகிதாசன் கை உயர்த்தினார்:
"அப்போ பழைய வருஷத்துக்கு ரீஃபண்டு?"
நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.
போண்டா ஆறியிருந்தது.

தீர்மானத்தில் மழை என்ற சொல் எங்கும் இல்லை.
'மேற்பரப்பு வழிநீர்' என்று நான்கு இடத்தில் இருக்கிறது.
கடல் ஓரிடத்தில்கூட இல்லை;
அதற்குக் கட்டணம் விதிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது,
கதவை மூடலாம், அவ்வளவுதான்.

ஏப்ரல் முதல் தேதி முதல் பில் எங்கள் பெயருக்கு.
அனுப்புநர், பெறுநர் இரண்டும் ஒரே முகவரி.
ஒன்பது லட்சம், முப்பது நாளுக்குள்.
பியூன் அதிசயம் அதை எடுத்துக்கொண்டு
இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு
படிப்படியாக இறங்கிப் போனார்,
தண்ணீர் போகிற வழியில்.